மங்குக்கு லேசர் செய்துகொள்ளலாமா? மருந்துக்கடைக் கிரீமை எப்படி நிறுத்துவது?

பாலக்கோட்டு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்கு இரு சக்கர வண்டியில்தான் போய் வருகிறேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு எனப்படும் கருந்திட்டு படர்ந்தது. பிரசவத்துக்குப் பிறகு தானாக மறைந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். குழந்தைக்கு இப்போது நான்கு வயதாகிறது, மங்கு அப்படியே இருக்கிறது.

உடன் பணிபுரியும் ஒருவர் தாம் பூசும் ட்யூபைக் காட்டி, மருந்துக்கடையில் பெயரைச் சொன்னாலே தருவார்கள் என்றார். பூசத் தொடங்கிய சில வாரங்களில் முகம் நன்றாகத் தெளிந்தது. அதனால் ஓராண்டுக்கும் மேலாக இரவுதோறும் பூசி வருகிறேன். ஆனால் இப்போது இரண்டு நாள் பூசாமல் விட்டாலே முகம் சிவந்து எரிகிறது. வெயிலில் நின்றால் கன்னம் தீப்பட்டதைப் போல் இருக்கிறது. கன்னத்தில் பூனை முடி அதிகமாகியிருக்கிறது, தாடைப் பக்கம் சிறு சிறு கொப்புளங்கள் வருகின்றன, மங்கும் முன்னைவிடக் கறுத்திருக்கிறது.

நகரத்தில் உள்ள ஒரு தோல், முடி அழகு நிலையத்தில் காட்டியபோது, ஆறு முறை லேசர் செய்தால் மங்கு முழுவதுமாக அகன்றுவிடும் என்றும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். அங்கே இருந்தவர் மருத்துவரா, பயிற்சி பெற்ற பணியாளரா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புபவை: இந்த நிலையில் லேசர் செய்துகொள்வது சரியா? இந்தக் கிரீமை எப்படி நிறுத்துவது? வைட்டமின் சி, நியாசினமைடு, ரெட்டினால் என்று கடைகளில் குவிந்திருக்கும் சீரம்களில் எனக்குப் பொருந்துவது எது? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர், மதுரை எழுதியது:

அம்மா, நீங்கள் லேசரைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த ட்யூபிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முகத்தில் இப்போது இருப்பது மங்கு மட்டும் அன்று.

நீங்கள் பெயர் குறிப்பிடாவிட்டாலும், அதில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஏதேனும் ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். நம் ஊரில் அந்த ஸ்டீராய்டு பெரும்பாலும் மொமெட்டசோனாக இருக்கும். இந்தக் கூட்டு மருந்து கள்ளத்தனமானது அன்று. 1975-இல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் வெளியிட்ட கலவையின் வழித்தோன்றல்தான் இது. ஹைட்ரோகுவினோன் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. டிரெட்டினோயின் மேல்தோலின் செல்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படச் செய்கிறது. டிரெட்டினோயினால் வரும் எரிச்சலை அடக்குவதற்காக ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002-இல் இத்தகைய ஒரு கிரீமுக்கு ஒப்புதல் அளித்தபோது, அதில் இருந்தது ஃப்ளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு, 0.01 சதவீதம் மட்டுமே. பூச அனுமதிக்கப்பட்ட காலம் எட்டு வாரம். எட்டு வாரத்துக்கு என்று அளந்து கொடுக்கப்பட்ட ஒரு சிகிச்சை, இங்கே அதைவிட வலுவான ஸ்டீராய்டோடு, ஆண்டுக்கணக்கில் இரவுக் கிரீமாகப் பூசப்படுகிறது. தவறு மருந்தில் இல்லை, அது கை மாறி வந்த வழியில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு தனி நிலையாகவே வகைப்படுத்தி, ஸ்டீராய்டு சிதைத்த முகம் என்று பெயர் கொடுத்திருக்கிறோம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்குகிறது, அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது, முடி வளர்ச்சியைத் தூண்டுகிறது, பருவைப் போன்ற கொப்புளங்களை எழுப்புகிறது. பூசும்வரை இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் முகம் வெளுத்து மென்மையாகத் தெரியும். நிறுத்திய ஓரிரு நாளில் அவை முன்னைவிட அதிகமாக விரிந்து சிவப்பும் எரிச்சலும் வரும். உடனே கை மீண்டும் ட்யூபைத் தேடும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

நிறுத்துவது எப்படி என்றால், ஒரு தோல் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். சிலருக்கு ஒரே நாளில் நிறுத்தச் சொல்வோம். நீண்ட காலம் பூசியவர்களுக்கு வலுக் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து நிறுத்துவதும் உண்டு. இடைக்காலத்தில் எரிச்சலை அடக்க டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பும், கொப்புளங்கள் மிகுந்தால் சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும் தேவைப்படலாம். முதல் சில வாரங்கள் கடினமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முகம் சிவந்து வீங்கி, மங்கு மேலும் கறுத்ததாகத் தெரியும். உறவினர்கள் கேட்பார்கள், கண்ணாடி பார்க்க மனம் வராது. அந்த வாரங்களைத் தாண்ட முடியாமல்தான் பலர் பழைய கிரீமுக்கே திரும்புகிறார்கள். முகம் அமைதியடையச் சில மாதங்கள் ஆகலாம்.

இனி லேசர். மங்குக்கு வழக்கமாகச் செய்வது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள கியூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் லேசரைக் குறைந்த ஆற்றலில் பல முறை செலுத்துவது. வெளிர் நிறத் தோலுக்கு வெப்பம் பட்டால் பெரும்பாலும் சிவந்து ஆறிவிடும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் அந்த வெப்பமே நிறமி செல்களைத் தூண்டிவிட்டு, சிகிச்சை செய்த இடமே கறுத்துப்போகக்கூடும். மாறாக, முறை கூடக்கூட ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. அவற்றைச் சரிசெய்வது மங்கைச் சரிசெய்வதைவிடக் கடினம். இவ்வளவுக்கும் பிறகு, லேசரை நிறுத்திய சில மாதங்களில் மங்கு திரும்புவது மிகச் சாதாரணம். ஸ்டீராய்டால் மெலிந்து, தொட்டாலே எரியும் தோலில் இப்போது லேசர் செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழுவதுமாக அகற்றிவிடுவோம் என்று ஒருவர் உறுதி கூறினால், அவருக்கு மங்கைப் பற்றிப் போதிய அறிவில்லை, அல்லது அறிந்தும் சொல்லவில்லை. மங்கு நீரிழிவைப் போலக் கட்டுக்குள் வைக்கப்படும் ஒன்று. வெயிலும் ஹார்மோனும் வாய்ப்புக் கொடுத்தால் மீண்டும் தலைகாட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்னத்தில் வரும் கருமை எல்லாம் மங்கு ஆகிவிடாது. தலைமுடிச் சாயம், வாசனைத் தைலம், குங்குமம் ஆகியவற்றின் ஒவ்வாமையால் வரும் கருமை உண்டு. கழுத்தும் அக்குளும் சேர்ந்து கறுத்துத் தடித்திருந்தால் அது இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையின், அடையாளமாக இருக்கலாம், அப்போது பார்க்க வேண்டியது முகத்தை அன்று, இரத்தச் சர்க்கரையை. இவற்றுக்கெல்லாம் ஒரே லேசரைக் காட்டும் இடத்தில் நோயறிதல் நடக்கவில்லை என்று பொருள்.

மருந்தாளுநர், கும்பகோணம் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு, கடைக்கு உள்ளே நின்று பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது, மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் அப்படி இருக்க, பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது என் தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

வாங்குபவர் தாமே கண்டுபிடிக்க வழி உண்டு. ட்யூபின் மீதோ அட்டைப்பெட்டியின் மீதோ ஆர்எக்ஸ் (Rx) என்ற குறியும், மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கைக் கட்டமும் இருந்தால், அது அழகுப் பொருள் அன்று, மருந்து. பிறகு உட்பொருள்களைப் படியுங்கள். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், ஃப்ளூசினோலோன், பெக்ளோமெத்தசோன் என்று எந்தப் பெயர் தென்பட்டாலும் அது ஸ்டீராய்டு. இவற்றுள் குளோபெட்டசோல் மிக வலுவானது. முகத்தில் தாமாகப் பூசுவதற்குரியதே அன்று. படர்தாமரைக்கு என்று விற்கப்படும் கூட்டுக் களிம்புகளிலும் இது ஒளிந்திருக்கும். அரிப்பு அடங்குவதால் குணமானதாகத் தோன்றும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். அதே ட்யூபை முகத்தில் பூசி வெளுப்பாவதைக் கண்டு தொடர்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு இல்லாத கிரீம் என்றால் ஆபத்தில்லை என்று எண்ணிவிட வேண்டாம். தயாரிப்பாளர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல், இணையத்திலும் வளையல் கடைகளிலும் விற்கப்படும் வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல் பகுதியில் சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பாதிக்கப்பட்டு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், 2021 நடுப்பகுதி முதல் 2023 வரை அவர்கள் கண்ட 22 பேரில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகைப் பாதிப்பு இருந்ததையும், அந்த 15 பேரில் 13 பேர் சரும வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்பதையும் பதிவு செய்தார்கள். முகத்தில் பூசியது சிறுநீரில் புரதமாக வெளிவந்தது. அழகுப் பொருள்களில் பாதரசத்தின் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை முதலில் வைத்த வரம்பு; 2025-க்குப் பிறகு பாதரசம் சேர்ப்பதையே அது தடைசெய்கிறது. ஆனால் வரம்பு என்பது சட்டத்துக்கு உட்பட்டுத் தயாரிப்பவருக்குத்தான். தொகுதி எண், காலாவதி நாள், உட்பொருள் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதியாளரின் பதிவு எண் ஆகிய இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள்.

கோவை வாசகர் எழுதியது:

லேசரை ஒட்டுமொத்தமாகக் குறைசொல்வது முறையாகத் தெரியவில்லை. எனக்கு முகப்பருக் குழிகளுக்கு ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்தார்கள். குழிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலெழுந்துள்ளன. நல்ல மருத்துவரிடம் செய்தால் மங்குக்கும் பயன் தராதா?

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர், மதுரை எழுதியது:

தம்பி, உங்களுக்குப் பயன் கிடைத்ததில் மகிழ்ச்சி. அது சரியான நோய்க்குச் சரியான கருவி. பருக்குழி என்பது நடந்து முடிந்த காயத்தின் தழும்பு. லேசர் புதிய நுண்காயங்களை உண்டாக்கி, ஆறும்போது தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாக உருவாக்கச் செய்கிறது. வேண்டாத முடியை அகற்றுவது, பச்சை குத்தியதை அழிப்பது, விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்குவது ஆகியவற்றிலும் லேசருக்கு உறுதியான இடம் உண்டு. மங்கில் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே நிறமி செல் உயிர்ப்போடும் சினத்தோடும் இருக்கிறது. களிம்பும் வெயில் காப்பும் பல மாதங்கள் சரியாக நடந்த பிறகும் தெளியாத சிலருக்கு, தேர்ந்த கையால், பிற சிகிச்சைகளோடு துணையாக லேசர் செய்வதை நான் மறுக்கவில்லை. அது மூன்றாவது, நான்காவது படி. நிலையத்தின் வாசலிலேயே விற்கப்படும் முதற்படி அன்று.

அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் பற்றியும் ஒரு வரி. கிளைக்காலிக் அமிலம் கொண்டு செய்யும் மேலோட்டமான பீல் மங்குக்கு ஓரளவு உதவும்; ஆனால் இரண்டு முதல் நான்கு வாரம் தோலைத் தயார்செய்த பிறகே செய்ய வேண்டும், அமிலத்தின் செறிவும் அது முகத்தில் இருக்கும் நிமிடங்களும் மருத்துவரின் கணக்கில் இருக்க வேண்டும். ஆசிரியை அம்மாவுக்கு அதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

பாலக்கோட்டு ஆசிரியை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ட்யூபை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மூன்றும் அப்படியே இருக்கின்றன, எச்சரிக்கைக் கட்டமும் இருக்கிறது. இதுவரை அதைப் படிக்க வேண்டும் என்றே தோன்றியதில்லை.

முன்பு எழுத விட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. லேசரோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று அந்த நிலையத்தில் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, 250 மில்லிகிராம், காலையும் இரவும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் தொடங்கவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்காக மகப்பேறு மருத்துவர் தந்த ஹார்மோன் மாத்திரையையும் ஓராண்டாகச் சாப்பிட்டு வருகிறேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? வீட்டில் கஸ்தூரி மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் பூசச் சொல்கிறார்கள், அதைப் பற்றியும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர், மதுரை எழுதியது:

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நீங்கள் சாப்பிடுவது ஈஸ்ட்ரோஜன் கலந்த கூட்டு ஹார்மோன் மாத்திரையாக இருந்தால், அதோடு டிரானெக்ஸாமிக் அமிலத்தைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. டிரானெக்ஸாமிக் அமிலம் இரத்த உறைவு கரையாமல் தடுக்கும் மருந்து. அதிக மாதவிலக்குப் போக்கைக் கட்டுப்படுத்தத்தான் அது முதன்மையாகப் பயன்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்குத் தானாகவே காலிலும் நுரையீரலிலும் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் தன்மை உண்டு. இரண்டும் சேர்வது எச்சரிக்கைப் பட்டியலில் தெளிவாகத் தடைசெய்யப்பட்ட சேர்க்கை. மங்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் பயன்தரும் மருந்து என்பதில் ஐயமில்லை, நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஹார்மோன் மாத்திரை உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இரத்த உறைவு, பக்கவாதம் வந்ததுண்டா, கருச்சிதைவுகள் நேர்ந்ததுண்டா என்று கேட்காமல் அதை எழுதுவது மருத்துவம் ஆகாது. உங்களிடம் இக்கேள்விகளைக் கேட்டார்களா என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் மற்றொரு முடிச்சும் அவிழ்கிறது. ஹார்மோன் மாத்திரையே மங்கை வளர்க்கும் காரணிகளுள் ஒன்று. கருவுற்றிருக்கும்போது மங்கு வருவதற்கும் இதே ஹார்மோன்கள்தான் பின்னணி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாதவிலக்குச் சிக்கல் திரும்பிவிடும். மகப்பேறு மருத்துவரிடம் மங்கு இருப்பதைச் சொல்லி, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். மீண்டும் கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலும் முன்பே தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் டிரெட்டினோயினும் ஹைட்ரோகுவினோனும் அப்போது கூடாது. மங்குக்கான மற்றொரு பூச்சு மருந்தான அசெலாயிக் அமிலம் பூசலாம்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் அமிலத்தன்மை மெலிந்த தோலைப் புண்ணாக்கும். மேலும் எலுமிச்சை இனத்தின் சாற்றில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்கச் செய்து, ஆறிய பிறகு மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் தடத்தை விட்டுச்செல்லும். கஸ்தூரி மஞ்சள் அவ்வளவு கொடியதன்று, ஆனால் எரியும் முகத்தில் தேய்த்துக் கழுவும் எதுவுமே இப்போது சுமைதான். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க வேண்டுமென்றால் மஞ்சளைக் குழம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீரம்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு உங்கள் முகத்துக்கு மூன்றே பொருள்கள் போதும்: மணமற்ற மென்மையான கழுவும் திரவம், கிளிசரினோ செராமைடோ உள்ள ஈரப்பதக் கிரீம், சன்ஸ்கிரீன். எரிச்சல் அடங்கிய பிறகு, மங்குக்கான முதல் மருந்தாக நான் அசெலாயிக் அமிலத்தைத்தான் தேர்வு செய்வேன், 15 அல்லது 20 சதவீதம். கொப்புளங்களுக்கும் அது உதவும். நியாசினமைடு 4, 5 சதவீதத்தில் நல்ல துணை, பெரும்பாலோருக்கு எரிச்சல் தருவதில்லை. 10 சதவீதம் என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்தால் இரு மடங்கு பயன் என்று எண்ண வேண்டாம். வைட்டமின் சி நல்ல பொருள்தான், ஆனால் தூய அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் செல்ல மிகுந்த அமிலத்தன்மை வேண்டும் என்பதால் உங்கள் முகத்துக்கு எரியும். காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சள் கடந்து பழுப்பாக மாறிவிட்ட புட்டியில் பயனும் இராது. ரெட்டினால் கடைசியில், மருத்துவர் சொன்னால் மட்டும்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, காதுக்குப் பின்புறம் சில இரவுகள் பூசிப் பார்த்துவிட்டு, இரண்டு வார இடைவெளி விட்டு அடுத்ததைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது எரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது, ஒவ்வாமை தராதது என்ற வாசகங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை பேரிடம், எப்படிச் சோதித்தார்கள் என்பது அந்த அட்டையில் இருப்பதில்லை.

திருச்சி இல்லத்தரசி எழுதியது:

நான் மருத்துவர் அல்லள். மங்கைப் பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் வைத்திருப்பவள் என்ற உரிமையில் சன்ஸ்கிரீனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் ஏமாந்துபோகிறோம். வெயில் காப்பின் அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் பூசி அளக்கிறார்கள் என்று எனக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் விளக்கினார். முகத்துக்கும் கழுத்துக்குமாக அது ஏறக்குறைய ஒரு கிராமுக்கு மேல் வரும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் கிடைக்கும் அளவு. நம்மில் பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுத்துப் பூசிவிட்டு, எஸ்பிஎஃப் 50 போட்டும் பயனில்லை என்கிறோம். கணக்கு எளிது: நாளைக்கு இரு முறை சரியாகப் பூசினால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம்கூட வராது. உங்கள் ட்யூப் அரையாண்டு வருகிறது என்றால் நீங்கள் பூசுவது போதவில்லை. இது செலவு பிடிக்கும் வேலை என்பதை மறைப்பதற்கில்லை. அதனால் விலை உயர்ந்த சீரம் ஒன்றை விட்டுவிட்டு, தாராளமாகப் பூசும் அளவுக்குக் கட்டுப்படியாகும் சன்ஸ்கிரீனை வாங்குவதே மேல் என்பேன்.

மங்கு உள்ளவர்களுக்கு நிறமூட்டிய சன்ஸ்கிரீன் சிறந்தது. புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம்மைப் போன்ற நிறத்தவரின் மங்கைக் கறுக்க வைக்கும். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை, அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமூட்டிய வகைதான் தடுக்கிறது. உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், யுவிஏ வகைப் புற ஊதாக் கதிருக்கான காப்பைக் காட்டும் பிஏ குறிக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணாடி மூடியிருந்தாலும் யுவிஏ கதிர் உள்ளே வரும்.

இரு சக்கர வண்டியில் போகிறவர் நீங்கள். தலைக்கவசத்தின் கண்ணாடியை நம்பியிராமல், அதற்குள் மென்மையான பருத்தித் துணியால் கன்னத்தை மூடிக்கொள்ளுங்கள். துணி வியர்வையில் நனைந்து உரசினால் அதுவே எரிச்சலாகும் என்பதால் பையில் மாற்றுத் துணி ஒன்று இருக்கட்டும். காலை வழிபாட்டுக் கூட்டம் வெயிலில் நடக்கும் பள்ளியென்றால் அதற்குப் புறப்படும்போது பூசியதே போதும். ஆனால் மதிய இடைவேளையில் ஒரு முறை மீண்டும் பூசுங்கள், மாலை திரும்பும் வெயிலுக்கு அது காவல்.

பாலக்கோட்டு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டிரானெக்ஸாமிக் அமிலச் சீட்டை எடுத்து வைத்துவிட்டேன், லேசருக்குப் பணம் கட்டவில்லை. கடைசியாக ஒரு கேள்வி: தகுதியுள்ள தோல் மருத்துவர் என்பதை எப்படி உறுதி செய்வது? போகும்போது எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர், மதுரை எழுதியது:

எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பிறகு தோல் நோய்த் துறையில் எம்டி, டிஎன்பி ஆகிய மேற்பட்டங்களில் ஒன்றோ, பட்டயமோ பெற்றிருக்க வேண்டும். அழகியல் மருத்துவம் என்ற சில வாரச் சான்றிதழ்கள் இவற்றுக்கு ஈடாகா. பெயர்ப் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். உங்களுக்கு அருகில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே சீட்டுப் பதிந்து காட்டுங்கள். கட்டணம் இல்லை, கூட்டம் இருக்கும்.

பூசிய ட்யூப்களை எல்லாம், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையின் அட்டை, அந்த நிலையம் கொடுத்த சீட்டு, தலைமுடிச் சாயம் போடுபவராக இருந்தால் அதன் பெட்டி ஆகியவையும் வேண்டும். கிரீம் தொடங்குவதற்கு முன் எடுத்த, முகம் தெளிவாகத் தெரியும் பழைய புகைப்படம் கைபேசியில் இருந்தால் காட்டுங்கள். அன்று காலை முகத்தில் பவுடரோ சன்ஸ்கிரீனோ பூசாமல், துணியால் மூடிக்கொண்டு செல்லுங்கள்; உட்ஸ் விளக்கு என்ற ஊதா ஒளியில் மங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க நேர்ந்தால் பூச்சு இடையூறாகும். அடுத்த மூன்று மாதங்களுக்கு மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது. கண்ணருகே எரிச்சல் மிகுந்தாலோ, முகம் வீங்கிக் கொப்புளங்களில் சீழ் கோத்தாலோ குறித்த நாள்வரை காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள்.